காஸ்மிக் கதிர்கள் எங்கிருந்து வருகின்றன?

நட்சத்திரத்தின் வெளிச்சம் நேர்கோட்டில் வருகிறது. வந்த திசையில் பார்த்தால் நட்சத்திரம் இருக்கும். காஸ்மிக் கதிர்கள் அப்படியல்ல. அவை மின்னேற்றம் கொண்ட அணுக்கருக்கள். விண்வெளியின் காந்தப் புலங்கள் அவற்றை வழியெல்லாம் வளைத்துவிடுகின்றன.

சக்தி மிகுந்த துகள் அதிகம் வளையாதே என்று வாசகர்கள் கேட்கலாம். உண்மைதான். 1991-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதிவான ஒரு துகள், மணிக்கு 90 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் சக்தியைத் தன்னந்தனியே சுமந்து வந்தது. ஆனால் மிக உயர்ந்த சக்தியுள்ளவை ஒரு சதுர கிலோ மீட்டர் பரப்பில் நூறாண்டுக்கு ஒன்று விழுந்தாலே அதிகம்.

ஆகவேதான் அர்ஜென்டினாவிலுள்ள பியர் ஓஜே ஆராய்ச்சிக்கூடத்தை 3,000 சதுர கிலோ மீட்டரில் பரப்பினார்கள். கோவா மாநிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு! அங்கே 1,600-க்கு மேற்பட்ட தொட்டிகள். ஒவ்வொன்றிலும் 12,000 லிட்டர் சுத்த நீர். நம் தெருவுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரி கொள்ளும் அளவு. காற்று மண்டலத்தில் மோதும் துகள், கோடிக்கணக்கான சிறு துகள்களாகச் சிதறி மழைபோல் இறங்குகிறது. அது எந்தத் தொட்டியை முதலில் தொட்டது, எதைப் பின்னால் தொட்டது என்ற நேர வித்தியாசமே திசையைச் சொல்லிவிடும்.

2007 நவம்பரில் இக்குழு ஒரு பெரிய செய்தியை வெளியிட்டது. மிகுந்த சக்தியுள்ள 27 துகள்களில் 20, மையத்தில் கொந்தளிப்புள்ள அருகிலுள்ள கேலக்ஸிகளின் பக்கமிருந்து வந்திருந்தன. தற்செயலாக என்றால் ஐந்தாறுதான் பொருந்தியிருக்கும். புதிர் அவிழ்ந்தாற்போலத்தான் இருந்தது. ஆனால் துகள்கள் சேரச் சேரப் பொருத்தம் தேய்ந்தது. 2010-ல் நூற்றுக்கு 38 ஆகக் குறைந்தது. தற்செயலாகவே 21 வரும். இந்தச் சரிவையும் அதே குழுவினர்தான் வெளியிட்டார்கள்.

2017-ல் வந்த முடிவு அவ்வளவு பரபரப்பானதல்ல. என் கணிப்பில் அதுவே பெரியது. சற்றுக் குறைந்த சக்தியுள்ள 30,000-க்கு மேற்பட்ட துகள்களை ஆராய்ந்தபோது, வானத்தின் ஒரு பாதியிலிருந்து அதிகமாகவும் மறுபாதியிலிருந்து குறைவாகவும் வருவது தெரிந்தது. ஏற்றத்தாழ்வு 6.5 சதவீதமே. எனினும் இது தற்செயலாக நேர ஏறக்குறைய நான்கு கோடியில் ஒரு வாய்ப்புத்தான். மிகுதியாக வரும் திசை, நமது பால்வீதியின் மையத்திலிருந்து சுமார் 125 டிகிரி விலகியிருக்கிறது. ஆக, இவை வேறு கேலக்ஸிகளில் பிறந்தவை.

எந்தக் கேலக்ஸி? அதற்காகத் தொட்டிகளின் மேல் புதிய கருவிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். வந்தது புரோட்டான் போன்ற லேசான கருவா, இரும்பு போன்ற கனத்த கருவா என்று பிரித்தறிய அவை உதவும். சக்தி ஒன்றாயின் லேசானது குறைவாகவே வளையும். அவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து வானப் படத்தில் மறுபடி குறிக்கலாம்.