வாக்குக் கேட்டு வருபவரிடம் நிலத்தைப் பற்றிக் கேளுங்கள்

2009 ஏப்ரல் 7-இல் கெடாவின் புக்கிட் செலாம்பாவ் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. வேட்பாளர்கள் 15 பேர். அவர்களில் 13 பேர் சுயேச்சைகள். பி.கே.ஆர். கட்சியின் எஸ். மணிகுமார் 2,403 வாக்கு வித்தியாசத்தில் ம.இ.கா.வின் எஸ். கணேசனை வென்றார். ஒரே தொகுதியில் 15 பேர் வந்து கேட்டால், எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? கெடாவில் எந்தத் தேர்தல் வந்தாலும் துண்டறிக்கைகள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கின்றன: சாலை, கால்வாய், குழாய்த் தண்ணீர், தமிழ்ப்பள்ளி, கோயில் நிலம், பிள்ளைகளுக்கு வேலை.

இதில் பாதி, சட்டமன்ற உறுப்பினரின் அதிகாரத்துக்குள் வராது. தமிழ்ப்பள்ளி கல்வியமைச்சின் பொறுப்பு. மருத்துவமனை சுகாதார அமைச்சின் பொறுப்பு. நெடுஞ்சாலையும் கூட்டரசுடையது. கூட்டரசு அரசமைப்பின் 9-ஆவது அட்டவணை மாநிலத்துக்குக் கொடுத்திருப்பவற்றில் முக்கியமானவை நிலம், ஊராட்சி மன்றங்கள், காடு, மாநிலச் சாலை, ஆற்று நீர் ஆகியவை. "புதுப் பள்ளிக் கட்டடம் கட்டித் தருவேன்" என்று சட்டமன்ற வேட்பாளர் சொன்னால், அது அவர் இன்னொருவரிடம் போய்ச் சிபாரிசு செய்யும் வாக்குறுதி மட்டுமே.

தண்ணீர் விஷயம் இன்னும் சிக்கலானது. 2023 ஆகஸ்டு 12 மாநிலத் தேர்தலில் பெரிக்காத்தான் நேஷனல் 36 இடங்களில் 33-ஐப் பிடித்தது. அந்தத் தேர்தலில் குழாய்த் தண்ணீரும் பேசுபொருளாக இருந்தது. ஆறு மாநிலத்துடையது, குழாயில் நீர் தருவது சாடா நிறுவனம், நீர்ச் சேவையைக் கண்காணிப்பது கூட்டரசின் ஸ்பான். முடா ஆற்று நீருக்குப் பினாங்கு ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் தர வேண்டும் என்று மந்திரி பெசார் சனுசி முகமட் நோர் கேட்டார். மேடையில் கைதட்டல் வாங்கும் பேச்சுதான். ஆனால் சுத்திகரித்த நீரில் ஏறத்தாழ பாதி, கசிவாலும் கணக்கில் வராமலும் வீணாகும் மாநிலம் இது. வேட்பாளரிடம் கேட்க வேண்டியது இதுதான்: எந்தப் பழைய குழாய், எந்த ஆண்டுக்குள், யார் பணத்தில் மாற்றப்படும்? வீட்டில் தண்ணீர் நின்றால் சாடாவில் புகார் எண் வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு ஸ்பானுக்கு எழுதலாம்.

தோட்டத்துக்கு வருவோம். பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களில் தோட்டம் என்பது தனியார் நிலம். உள்சாலை குண்டும் குழியுமாக இருந்தாலும் அது நிர்வாகத்தின் சாலை. லயத்துக் கால்வாயும் அப்படியே. நகராண்மைக் கழகத்தின் லாரி வாசலோடு நின்றுவிடும். லயத்து வீட்டின் கூரை, குடிநீர், கழிப்பறை பற்றிய புகாரை ஏற்பது தொழிலாளர் இலாகா. 1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம் அதற்கு இருக்கிறது.

பெரிய ஆபத்து, தோட்டம் விற்கப்படும்போது வருகிறது. வேலை போனால் 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, 5 ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் வீதம் இழப்பீடு உண்டு. வீடு? அந்த விதிகளில் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்று தலைமுறை குடியிருந்த குடும்பம் பெட்டி படுக்கையோடு சுங்கை பட்டாணியில் வாடகை வீடு தேடுவது இதனால்தான்.

மாநிலத்தின் பிடி இருப்பது இந்த இடத்தில்தான். தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் தோட்ட நில வாரியத்தின் அனுமதியில்லாமல் கைமாற்ற முடியாது. ரப்பர் மரத்தையோ செம்பனையையோ அழித்து வீடமைப்புத் திட்டம் எழுப்ப வேண்டுமானால், நிலப் பட்டாவில் 'பெர்தானியான்' (வேளாண்மை) என்றிருக்கும் வகை 'பங்குனான்' (கட்டடம்) என மாற வேண்டும். அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் தருவது மாநில அரசு. தரும்போது நிபந்தனையும் போடலாம். பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு, கோயிலுக்குத் தனிப் பட்டா என்று கேட்கக்கூடிய நேரம் அதுதான். மண்வாரி வந்து நின்ற பிறகு கேட்பது கெஞ்சலாகத்தான் முடியும். ஆகவே வேட்பாளரிடம், "எங்கள் தோட்டத்துக்கு நிலவகை மாற்ற விண்ணப்பம் வந்தால், வீட்டை நிபந்தனையாக்கச் சொல்லிச் சட்டமன்றத்தில் குரல் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். வெற்றுத் தலையாட்டல் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

நீங்களே கண்காணிக்கவும் வழி உண்டு. மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் கட்டினால் எவரும் ஒரு பட்டாவின் பதிவைப் பார்க்கலாம்: உரிமையாளர் யார், நிலவகை என்ன, அடமானத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். ஊராட்சி மன்றம் உள்ளூர்த் திட்ட வரைவை வெளியிடும்போது ஆட்சேபம் எழுத மக்களுக்கு உரிமை உண்டு. அவகாசம் சில வாரங்களே. அறிவிப்பு நாளிதழின் மூலையில் வரும், கவனியுங்கள். உள்ளூர்த் திட்டமே இல்லாத இடமானால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் கிடைத்து 21 நாட்களுக்குள் ஆட்சேபிக்கலாம்.

ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. தாமானில் தெருவிளக்கு எரியாததற்கும் மாநில வாக்குக்கும் உள்ள தொடர்பு இதுதான். ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு மன்றத்தின் கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. நம்மவர்களில் போய் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.

தேர்தல் நேரத்தில் பணமோ அரிசி மூட்டையோ வாக்குக்காகக் கொடுப்பது 1954-ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டப்படி குற்றம். வாங்குபவரும் தப்ப முடியாது. போலீசிலோ எஸ்.பி.ஆர்.எம். ஊழல் தடுப்பு ஆணையத்திலோ புகார் செய்யலாம்.

இன்னொன்று, தோட்டத்தை விட்டு வந்தவர்கள் பலர் மறப்பது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளர் ஆகிறார்கள். தொகுதியைத் தீர்மானிப்பது அடையாளக் கார்டிலுள்ள முகவரி. வீடு மாறியும் கார்டில் பழைய தோட்டத்து முகவரியே இருந்தால், இப்போது குடியிருக்கும் தாமானின் வேட்பாளருக்கு உங்கள் வாக்கு கணக்கிலேயே இல்லை. தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்றிவிட்டு, தொகுதி மாற்றத்துக்குத் தேர்தல் ஆணையத்திடம் விண்ணப்பியுங்கள்; பிறகு ஆணையத்தின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எந்தத் தொகுதியில் இருக்கிறதென்று பாருங்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் நேரம் போதாது.