ஏழு வினாடிக் கணக்கு

குழந்தைகளே, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போயிருக்கிறீர்களா? வழியில் கூட்டேரிப்பட்டு வரும். மயிலம் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கும் ஊர். சென்னை-திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து மயிலத்துக்குச் சாலை பிரியும் இடம்.

நான் ஆசிரியராக இருந்தபோது, ஒருநாள் மாலை அங்கே நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். அதே பஸ்ஸின் முன்பக்கமாகச் சாலைக்குள் ஓடினான். கிறீச்சென்று பிரேக் சத்தம்! நல்லவேளை, லாரி நின்றுவிட்டது. புத்தகப்பை மட்டும் தெறித்து விழுந்தது.

"ஏண்டா ஓடினே?"

"மஞ்சள் லைட் எரிஞ்சுது சார். வண்டியெல்லாம் நின்னுடும்னு நெனச்சேன்."

அங்கேதான் தப்பு. நெடுஞ்சாலையில் மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், 'வேகத்தைக் குறை, பார்த்துப் போ' என்று ஓட்டுநருக்குச் சொல்கிறது. நம்மை 'வா' என்று கூப்பிடவில்லை!

மறுநாள் விளையாட்டு மைதானத்தில் 7 மீட்டர் அளந்து இரண்டு கோடு போட்டேன். நான்கு வழிச் சாலையில் ஒரு பாதியின் அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான். பையன் நடந்தான், மற்றவர்கள் எண்ணினார்கள். 7 வினாடி ஆனது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த 7 வினாடியில் எவ்வளவு தூரம் வரும் என்று கணக்குப் போடச் சொன்னேன். 155 மீட்டர்! ஓட்டுநர் உங்களைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி என்றாலும், அதற்குள் 22 மீட்டர் வந்துவிடும். கணக்கைப் போட்டு முடித்ததும் வகுப்பில் சத்தமே இல்லை.

நகரத்து சிக்னல்களில் நமக்கென்றே சிவப்பு, பச்சை மனித உருவங்கள் உண்டு. ஜெர்மனியின் கிழக்கு பெர்லினில், 1961-ல் கார்ல் பெக்லவ் என்ற உளவியலாளர் இந்த உருவத்துக்குத் தொப்பியே போட்டுவிட்டார்! பச்சை உருவம் மினுக்கத் தொடங்கினால், புதிதாக இறங்காதீர்கள். பாதியில் இருப்பவர்கள் கடந்து முடிக்கத்தான் அந்த நேரம். பச்சை எரிந்தாலும், இடப்பக்கம் திரும்பும் வண்டிகளைப் பாருங்கள்.

சிக்னல் இல்லாத சாலையில் முதல் பாதிக்கு வலப்பக்கம் பாருங்கள். நடுத்திட்டில் நின்று, அடுத்த பாதிக்கு இடப்பக்கம். எதிர்த் திசையில் வரும் பைக்குகளும் உண்டு (அவர்களுக்கு யார் பாடம் நடத்துவது?). அதனால் மறுபக்கமும் ஒரு பார்வை பாருங்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்கினால், அது கிளம்பிப் போகும்வரை ஓரமாக நில்லுங்கள். பஸ் மறைத்திருந்தால் லாரிக்காரருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். உங்களுக்கும் லாரி தெரியாது.