வாளேந்திய கையில் வைத்தியம்

நம் வீட்டுப் பிள்ளைகள் ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் 'பாலடின்' என்றொரு வீரன் வருவான். கவசம், வாள், கடவுள் பக்தி மூன்றும் உள்ளவன். அடிபட்டுக் கிடக்கும் தோழனைத் தொட்டால் போதும், காயம் ஆறிவிடும்! "வெட்டுகிறவனுக்கு வைத்தியம் எதற்கப்பா?" என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்விதானே! தேடிப் படித்ததை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ரோமாபுரியில் சக்கரவர்த்தியின் மாளிகை இருந்த பாலடைன் குன்றிலிருந்து வந்த பெயர் இது. இடைக்கால ஐரோப்பியக் கதைகள் சார்லமேன் மன்னனின் பன்னிரு வீரர்களைப் பாலடின் என்று போற்றின. ஆனால் அவர்கள் புகழெல்லாம் வாள்வீச்சில்தான்.

குணமாக்கும் கை வேறிடத்தில் இருந்தது. ஏசுநாதர் நோயாளிகள் மேல் கை வைத்துக் குணப்படுத்தியதை பைபிள் சொல்கிறது. இங்கிலாந்து, பிரான்சு மன்னர்களுக்கும் அந்த அருள் உண்டு என்று மக்கள் நம்பினார்கள். நம் வைத்தியர்கள் கண்டமாலை என்று சொல்லும் கழுத்துக் கட்டி, அரசன் தொட்டால் தீருமாம். இரண்டாம் சார்லஸ் சுமார் 90,000 பேரைத் தொட்டார். 1712-ல் ஆன் அரசி தொட்ட ஒரு குழந்தைதான் பின்னாளில் அகராதி தந்த சாமுவேல் ஜான்சன். அவருக்குக் குணமாகவில்லை. அது காசநோயில் ஒரு வகை. சில சமயம் தானே அடங்கும். அடங்கியபோது புகழ் அரசனுக்குப் போயிற்று.

1955-ல் வெளிவந்த டோல்கீன் நாவலிலும் அரகார்ன் என்ற வீரன் நோயுற்றோரைக் குணமாக்க, அதைக் கண்டே மக்கள் அவனை அரசனென்று அறிகிறார்கள். 1974-ல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு வந்தது. அடுத்த ஆண்டே 'கிரேஹாக்' என்ற இணைப்பு நூலில், தொட்டுக் குணமாக்கும் பாலடின் பிறந்தான். ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: நெறி தவறினால் அந்த வரம் போய்விடும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஏனென்றால், என் தங்கைக்குக் கண்டமாலை வந்தபோது அக்கம்பக்கத்தில் அவளுக்கென்று தனி டம்ளர் வைத்தார்கள். கழுத்துக் கட்டியாக மட்டும் இருக்கும் காசநோய் பொதுவாகப் பிறருக்குத் தொற்றுவதில்லை. ஆறு மாத மாத்திரையில் அவள் குணமானாள். அந்த டம்ளரை மட்டும் அவள் மறக்கவில்லை.

அரசன் தொட்டு நோய் தீரவில்லை. ஆனாலும் ஊர் ஒதுக்கியவரை ஒருவர் கூசாமல் தொட்டார். மகளிடம் அதைத்தான் சொன்னேன். கழுத்தில் கட்டியோடு யாரையாவது கண்டால் ஒதுங்காதீர்கள். கைபிடித்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மாத்திரை அங்கே இலவசம்.