எந்த மட்டை நல்ல மட்டை?

திருவொற்றியூருக்கும் மேசைப்பந்து மட்டைக்கும் என்ன தொடர்பு? சட்டென்று விடை சொல்ல முடியாது. ஆனால் மட்டையைக் கூர்ந்து பாருங்கள். அதில் இருப்பவை முக்கியமாக இரண்டு பொருள்கள்தாம். உள்ளே மெல்லிய மரத்தாள்கள், வெளியே ரப்பர். இரண்டுமே வடசென்னைக்குப் பழக்கமான பொருள்கள்!

விம்கோ நகர் என்ற பெயர் விம்கோ தீப்பெட்டி நிறுவனத்தால் வந்தது. இயந்திரத் தீப்பெட்டித் தொழிலில் மென்மரக் கட்டையைச் சுழலவிட்டு, நீண்ட கத்தியால் பாய் விரிவதுபோல மெல்லிய தாளாக உரித்தெடுப்பார்கள். அந்தத் தாளைப் பொடியாக நறுக்கினால் தீக்குச்சி. அதுபோன்ற தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட். ரப்பரின் கதையும் அருகிலேயே இருக்கிறது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆக வளர்ந்தது.

ஆகவே, மட்டை ஏதோ மாயப்பொருள் அன்று. நமக்குத் தெரிந்த மரமும் ரப்பரும்தான். ஆயினும் கடைக்குப் போனால் குழப்பம் தொடங்கிவிடுகிறது. ரப்பர் ஒட்டாத மரப்பகுதியை ஆட்டக்காரர்கள் 'பிளேடு' என்பார்கள். ஆயிரம் ரூபாய்க்கும் பிளேடு கிடைக்கிறது. பத்தாயிரத்தைத் தாண்டியும் கிடைக்கிறது. உறையின்மேல் 'வேகம் 9, கட்டுப்பாடு 7' என்று எண்கள் அச்சிட்டிருப்பார்கள். இந்த எண்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் 9, இன்னொன்றின் 7-ஆக இருக்கலாம். அப்பாவின் ஒரு வாரக் கூலியைக் கொடுத்து வாங்கும் பொருளை இந்த எண்களை நம்பியா வாங்குவது? இயற்பியலைத் துணைக்கு அழைப்போம்.

பலகையின் உள்ளே

விலை குறைந்த நல்ல பிளேடுகளில் பெரும்பாலானவை ஐந்து மரத்தாள்களால் ஆனவை. நடுத்தாள் தடிமனானது; இலேசான மரம். அதன் இருபுறமும் மெல்லிய தாள்கள். ஒரு தாளின் இழை கைப்பிடியின் திசையில் ஓடினால், அடுத்த தாளின் இழை குறுக்கே ஓடும். இழையின் திசையில் மரம் உறுதியானது; குறுக்கே எளிதில் பிளந்துவிடும். மாற்றி மாற்றி ஒட்டும்போது ஒரு தாளின் குறையை மற்றொன்று ஈடுகட்டுகிறது.

விலை உயர்ந்தவற்றில் கார்பன் இழைகளையும் சேர்க்கிறார்கள். ஆனாலும் பிளேடின் தடிமனில் குறைந்தது 85 விழுக்காடு இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனத்தின் விதி. எவ்வளவு விலை கொடுத்தாலும் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் மரத்தைத்தான்!

வேகம் எங்கிருந்து வருகிறது?

பந்தின் எடை 2.7 கிராம். அது மட்டையைத் தொட்டுக்கொண்டிருப்பது ஏறத்தாழ ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே. அதற்குள் பலகை சற்று வளைகிறது. விறைப்பான பலகை குறைவாக வளைந்து, விரைவாக நிமிர்ந்து, வாங்கிய ஆற்றலைப் பந்து விலகுமுன் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மென்மையான பலகை அதிகம் வளைகிறது. அது நிமிர்வதற்குள் பந்து பறந்துவிடுகிறது. மிச்ச ஆற்றல் பலகையின் அதிர்வாக வீணாகிறது.

விறைப்பைத் தீர்மானிப்பதில் தடிமனுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரே மரமானால், விறைப்பு தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 5.5 மி.மீ. பலகையை 6.5 மி.மீ. ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய 65 விழுக்காடு கூடிவிடும். ஒரே ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை இது!

சரி, அதனால் பந்தின் வேகம் எவ்வளவு கூடும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோதும்முன் பந்தும் மட்டையும் நெருங்கும் வேகத்தில் எத்தனை பங்கு, மோதியபின் விலகும் வேகமாகக் கிடைக்கிறது? அந்த விகிதம் மெதுவான பிளேடில் 0.80, வேகமான பிளேடில் 0.85 என்று வைத்துக்கொள்வோம். பந்து 5 மீ./வி. வேகத்தில் வருகிறது, நீங்கள் 8 மீ./வி. வேகத்தில் மட்டையை வீசுகிறீர்கள். நெருங்கும் வேகம் 13. மெதுவான பிளேடில் பந்து 0.80 × 13 + 8 = 18.4 மீ./வி. வேகத்தில் பறக்கும். வேகமான பிளேடில் 19.05. வித்தியாசம் வெறும் மூன்றரை விழுக்காடு. (மோதலில் மட்டை இழக்கும் சிறு வேகத்தை இங்கே விட்டுவிட்டோம்.)

இப்போது மெதுவான பிளேடையே எடுத்துக்கொண்டு, கையை 5 விழுக்காடு மட்டும் வேகமாக வீசுங்கள். அதாவது 8.4 மீ./வி. விடை 19.12! விலை கொடுத்து வாங்க இருந்த வேகத்தை உங்கள் தோளும் மணிக்கட்டும் இலவசமாகவே தந்துவிட்டன.

கட்டுப்பாடு என்றால் என்ன?

அதே கணக்கில் மட்டையை அசைக்காமல் தடுத்து மட்டும் ஆடுங்கள். 5 மீ./வி. வேகத்தில் வந்த பந்து ஒன்றில் 4 மீ./வி., மற்றொன்றில் 4.25 மீ./வி. வேகத்தில் திரும்பும். இங்கே வித்தியாசம் 6 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. 2 மீட்டர் தொலைவில் விழ வேண்டிய பந்து, அதே நேரம் பறந்தால், சுமார் 12 செ.மீ. தள்ளி விழும். எதிர் விளிம்புக்கு 10 செ.மீ. முன்னால் விழ வேண்டிய பந்து மேசைக்கு வெளியே போய்விடும்!

ஓங்கி அடிக்கையில் வேகமான பிளேடு தரும் ஆதாயம் சிறிது. மெல்லத் தொட்டு ஆடுகையில் அது கேட்கும் துல்லியம் பெரிது. தொடக்க ஆட்டக்காரர் அதிகம் ஆடுவது மெல்லிய ஆட்டம்தானே?

கையும் காதும்

மட்டையின் 'உணர்வு' என்பது கைப்பிடி வழியே விரலுக்கு வரும் அதிர்வும், காதுக்கு வரும் ஒலியும் சேர்ந்தது. ஒலிக்கு இவ்வளவு பங்கா என்று ஐயம் வேண்டா. 1952-இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டிக்கு ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த பஞ்சு ஒட்டிய மட்டையுடன் வந்தார். அன்றைய ரப்பர் மட்டைகளின் 'டக்' ஓசை அதில் எழவில்லை. பந்து எவ்வளவு வலுவாக அடிக்கப்பட்டது என்பதைக் காதால் அறியப் பழகியிருந்த எதிராளிகள் திணறினர். சாட்டோ உலகச் சாம்பியன் ஆனார். பஞ்சுக்கும் ரப்பருக்கும் சேர்த்துத் தடிமன் வரம்பு வகுத்த விதி 1959-இல் வந்தது. இன்று அந்த வரம்பு 4 மி.மீ.

நீங்களே ஒப்பிடலாம்

நண்பர்களிடம் உள்ள நான்கைந்து பிளேடுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஒட்டாதவையாக இருக்கட்டும்.

முதலாவது, எடையும் தடிமனும். பள்ளி ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவி போதும். எடை பெரும்பாலும் 80 முதல் 90 கிராம் வரை இருக்கும்.

இரண்டாவது, ஒலி. மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பார்கள் அல்லவா? கைப்பிடியை இரு விரலால் தளர்வாகப் பிடித்து, பலகையின் நடுவில் பந்தால் தட்டுங்கள். ஒரே அளவுள்ள பிளேடுகளில் ஒலி கீச்சென்று உயர்ந்தால் அது விறைப்பானது, வேகமானது, தாழ்ந்தால் மென்மையானது. கைப்பேசியில் அதிர்வெண் காட்டும் செயலி இருந்தால் எண்ணாகவே குறித்துக்கொள்ளலாம். ஒட்டு விட்டுப்போன பிளேடு கீறல் விழுந்த பானைபோல மந்தமாக ஒலிக்கும். அதை வாங்காதீர்கள்.

மூன்றாவது, துள்ளல். கைப்பிடி வெளியே நீட்டியிருக்கும்படி, பலகையைக் கல்மேடையின் விளிம்பில் படுக்க வையுங்கள். 1 மீட்டர் உயரத்திலிருந்து பந்தை விட்டு, எழும் உயரத்தை அளவுகோலுடன் காணொளி எடுங்கள். அடுத்து, கைப்பிடியை மேடையோடு இறுகக் கட்டி, பலகை வெளியே நீட்டியிருக்கும்படி வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். எழுந்த உயரத்தை விழுந்த உயரத்தால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் துள்ளல் விகிதம் கிடைக்கும். கல்மேல் பலகை வளைய முடியாது. நீட்டி வைத்தால் வளையும். இரண்டு விகிதங்களுக்கும் உள்ள வித்தியாசமே, பலகை வளைவதால் ஏற்படும் இழப்பு. ஒவ்வொன்றையும் பத்து முறை செய்து சராசரி எடுங்கள்.

கடற்காற்றைக் கவனியுங்கள்

இராயபுரத்திலும் எண்ணூரிலும் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் எடை கூடும், விறைப்பு குறையும், தட்டும் ஒலியும் தாழும். ஐப்பசி மழையில் ஒரு முறையும் சித்திரை வெயிலில் ஒரு முறையும் ஒரே பிளேடை நிறுத்துப் பாருங்கள். ஆடி முடித்ததும் வியர்வையைத் துடைத்து, மூடிய உறையில் வையுங்கள். மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டை உள்ளே போட்டு வைக்கலாம்.

முடிவாக, எதை வாங்குவது? கற்கத் தொடங்கியவருக்கு, 6 மி.மீ.க்கு மிகாத தடிமனும் நடுத்தரமான ஒலியும் உள்ள, முழுதும் மரத்தாலான ஐந்தடுக்கு பிளேடு போதும். மிச்சப்படும் பணத்தில் நல்ல ரப்பர் வாங்குங்கள். பந்துகள் ஒரு டஜன் வாங்குங்கள். இரண்டாண்டுகள் ஆடியபின், அடிக்கும் பந்துகள் மேசையிலேயே விழுந்து, ஆயினும் எதிராளி எளிதாக எடுத்துவிடுகிறார் என்றால், அப்போது வேகமான பிளேடைப் பற்றி யோசிக்கலாம். அன்று கடைக்காரர் ஒரு பிளேடை நீட்டும்போது உறையைப் படிக்காதீர்கள். முதலில் தட்டிப் பாருங்கள்!