வேன் மேல கேரியர்: டீசல் செலவு 160 ரூபாய்தான், அசல் செலவு எங்கே இருக்கு?

மாசி வந்தா மகா சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயில், ஆகஸ்ட் 29 கொடியேறினா வேளாங்கண்ணி. தஞ்சாவூர் பக்கம் வருஷத்துல ஒரு தடவையாவது குடும்பமே ஒரு வேன்ல கிளம்பிடும். ஆளுங்க எல்லாம் உள்ளே. அண்டா, குண்டா, அடுப்பு, அரிசி மூட்டை, தண்ணி கேன் எல்லாம் மேல. "இன்னொரு வண்டி வாடகை மிச்சம்" என்பதுதான் நம்ம கணக்கு. அது உண்மையிலேயே மிச்சமா? வாங்க, போட்டுப் பார்ப்போம்.

1. டீசல்

அமெரிக்க எரிசக்தித் துறை சொல்வது இது: கூரை மேல் பெரிய பெட்டி வைத்தால் மைலேஜ் நகரத்தில் 2 முதல் 8 சதவீதம், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் குறையும். காத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பதுதான் காரணம். அதே பெட்டியைப் பின்பக்கம் மாட்டினால் நெடுஞ்சாலையிலும் 1 முதல் 5 சதவீதம்தான்.

தஞ்சாவூர் - வேளாங்கண்ணி போய்வர சுமார் 190 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கொடுக்கிற வேன், டீசல் 92 ரூபாய், மைலேஜ் 10 சதவீதம் குறையுதுன்னு வெச்சுக்கோங்க. கூடுதல் செலவு சுமார் 160 ரூபாய். இதுக்காக யாரும் கவலைப்பட வேண்டாம்.

ஆனா திரும்பி வந்த பிறகும் காலி கேரியரைக் கழற்றாம வருஷம் பூரா ஓட்டினா? 15,000 கிலோமீட்டருக்கு வெறும் 2 சதவீதம் குறைந்தாலே சுமார் 2,300 ரூபாய் காத்துல போகுது.

2. எடை

20 லிட்டர் தண்ணி கேன் மூணு 60 கிலோ. அரிசி மூட்டை 25 கிலோ. வீட்டு சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தா கிட்டத்தட்ட 30. பாத்திரம் ஏத்துறதுக்கு முன்னாடியே 115 கிலோ ஆச்சு. ரெண்டு பெரிய ஆளைக் கூரை மேல உட்கார வெச்ச மாதிரி. எடை மேலே ஏற ஏற வளைவுல வண்டி சாயும். நம்ம வாய்க்கால் கரை ரோட்டுல எதிரே பஸ் வந்து சட்டுனு ஒடிச்சா என்ன ஆகும்னு யோசிங்க.

கூரை எவ்வளவு தாங்கும் என்பது வண்டியோட கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் கேரியரின் சொந்த எடையும் அந்த அளவுக்குள்ளேதான் வரும்.

சிலிண்டரை மேலயும் வைக்காதீங்க, உள்ளேயும் வைக்காதீங்க. 2023 ஆகஸ்ட் 26-ம் தேதி மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். அவங்களும் நம்மள மாதிரி சமையல் சாமானோடு கிளம்பிய யாத்திரைக் குழுதான்.

3. அபராதம்

மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு:

- அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.
- சாமான் பக்கவாட்டில் துருத்தினாலோ, முன்னால், பின்னால், உயரத்தில் அளவை மீறினாலோ 20,000 ரூபாய். இறக்கி வைக்கிற கூலியும் உங்க தலையில்தான்.

கேரியரை வெல்டிங் வைத்து நிரந்தரமாகப் பொருத்துவது இன்னொரு சிக்கல். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

4. இன்சூரன்ஸ்

அசல் செலவு இங்கேதான். மூணு விஷயம் கவனிங்க.

முதலாவது, கேரியரை ஆக்சஸரி என்று பாலிசியில் சேர்க்கலைன்னா அது சேதமானா பணம் வராது. ரெண்டாவது, மேல இருக்கிற சாமான் தொலைஞ்சாலோ விழுந்து உடைஞ்சாலோ சாதாரண மோட்டார் பாலிசி கொடுக்காது. மூணாவதுதான் பெருசு. கம்பெனிக்குச் சொல்லாம செய்த மாற்றமோ, அளவுக்கு மீறிய பாரமோ விபத்துக்குக் காரணம்னு சர்வேயர் எழுதினா, ஓன் டேமேஜ் கிளைமைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். வண்டி ரிப்பேர் பில் 2 லட்சம்னா, நீங்க மிச்சம் பிடிச்ச குட்டி யானை வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்க.

அப்போ என்ன செய்யலாம்?

- பாய், தார்பாய், பிளாஸ்டிக் நாற்காலி மாதிரி எடை இல்லாததை மட்டும் மேல கட்டுங்க. கயிறு போதாது, பெல்ட்டும் வலையும் போடுங்க.
- அரிசி, தண்ணி, அண்டா எல்லாம் உள்ளே, தரையோடு, இடம் நகராம.
- தண்ணியைப் போகிற ஊரிலேயே வாங்குங்க. அண்டா, அடுப்பு, சிலிண்டர் அங்கேயே வாடகைக்குக் கிடைக்குமான்னு முதல்லயே போன் போட்டுக் கேளுங்க.
- 20 பேருக்கு மேல சமையல்னா தனியா ஒரு குட்டி யானை பேசுங்க. வாடகையை ஆளுக்கு வகுத்துப் பாருங்க, பாரமா தெரியாது.
- கழற்றக்கூடிய கேரியரா வாங்குங்க. பயணம் முடிஞ்ச மறுநாளே கழற்றிடுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி ஆர்.சி.யையும் பாலிசியையும் எடுத்து அஞ்சு நிமிஷம் படிங்க. வாடகை வேன்னா ஓனர்கிட்ட ஒரே கேள்வி: "மேல எத்தனை கிலோ ஏத்தலாம்?" அதுக்கு அவர்கிட்ட பதில் இல்லைன்னா, மேல எதையும் ஏத்தாதீங்க.