டி.ஆர்.மகாலிங்கம் பாட்டில் எது உச்சம், எது சறுக்கல்? ‘திருவிளையாடல்’ போட்டிக்குள் இருக்கும் இன்னொரு கதை

‘திருவிளையாடல்’ படத்தில் வரும் பாட்டுப் போட்டியை மறந்திருக்க மாட்டீங்க. வெளியூரிலிருந்து வரும் ஹேமநாத பாகவதர் பாண்டியன் அவையில் ‘ஒரு நாள் போதுமா’ என்று பாடி எல்லோரையும் மிரள வைப்பார். அவரோடு போட்டி போடச் சொல்லி பாணபத்திரருக்கு மன்னனின் உத்தரவு வரும். பயந்துபோன பாணபத்திரர் கோயிலுக்கு ஓடி, ‘இசைத்தமிழ் நீ செய்த அருஞ்சாதனை’ என்று முறையிடுவார். கடைசியில் சிவபெருமானே விறகு விற்பவராக வந்து ‘பாட்டும் நானே’ பாட, பாகவதர் ஊரை விட்டே கிளம்பிவிடுவார்.

இப்போ ஒரு சின்ன கேள்வி. இந்த மூன்று பேரில் திரையில் நிஜமாகவே தன் சொந்தக் குரலில் பாடியவர் யார்?

டி.எஸ்.பாலையாவுக்குக் குரல் கொடுத்தவர் பாலமுரளிகிருஷ்ணா. சிவாஜிக்குக் குரல் கொடுத்தவர் டி.எம்.சௌந்தரராஜன். பாணபத்திரராக நடித்தவர் மட்டும்தான் தன் பாட்டைத் தானே பாடினார். அவர்தான் டி.ஆர்.மகாலிங்கம். கதையில் தோற்றுவிடுவோம் என்று நடுங்குகிறவரும் அவர்தான்.

தற்செயலாக அமைந்ததுதான். ஆனால் மகாலிங்கத்தின் முழு வாழ்க்கையும் அந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடுகிறது. அவருடைய பாடல்களில் சில இன்னும் மனதில் நிற்பதற்கும், சில நிற்காமல் போனதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

யார் இந்த டி.ஆர்.மகாலிங்கம்?

நம்ம ஊர்க்காரர்தான். திருமங்கலத்திலிருந்து செக்கானூரணி வழியாக வடக்கே போனால் வைகை ஆறு வரும். அக்கரையில் சோழவந்தான், இக்கரையில் தென்கரை. அந்தத் தென்கரைதான் மகாலிங்கத்தின் சொந்த ஊர். சின்ன வயதிலேயே நாடக மேடை ஏறியவர். 1938-ல் ஏ.வி.மெய்யப்பன் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்தில் கண்ணனாக அறிமுகமானார். அப்போது அவர் பதின்வயதுப் பையன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஒருவர் நடிக்க இன்னொருவர் பாடும் பின்னணிக் குரல் முறையைத் தமிழில் தொடங்கிவைத்த படம் என்று சொல்லப்படுவதும் இதே ‘நந்தகுமார்’தான். ஆக, சொந்தக் குரலில் பாடி நடித்த கடைசித் தலைமுறை நாயகர்களில் ஒருவரும், அந்தத் தலைமுறைக்கு முடிவு கட்டிய தொழில்நுட்பமும் ஒரே படத்தில் உள்ளே வந்திருக்கிறார்கள்!

அந்த உச்சக் குரல் எங்கிருந்து வந்தது?

மகாலிங்கம் பாட்டைக் கேட்கும் இன்றைய இளைஞர்கள் முதலில் கேட்பது, ‘ஏன் இவ்வளவு மேலே போய்ப் பாடுறாரு?’ என்பதுதான். நியாயமான கேள்வி.

பதில் நாடகக் கொட்டகையில் இருக்கிறது. மைக் இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். பாட்டின் சுருதியை ஆர்மோனியக் கட்டையை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். கச்சேரி பாடும் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை கட்டையில் பாடுவார்கள். நாடக ராஜபார்ட் நடிகர்களோ ஐந்து கட்டையைத் தாண்டிப் பாடுவதைப் பெருமையாக நினைத்தார்கள். அந்தப் பாணியின் உச்ச நட்சத்திரம் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. 1933-ல் இளம் வயதிலேயே அவர் இறந்துபோனார். அவர் விட்ட இடத்திலிருந்து அதே பாணியை எடுத்துக்கொண்டு வந்தவர்தான் மகாலிங்கம்.

மதுரைக்கும் இந்தப் பாணிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நாடகத் தமிழின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள், 1918-ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது மதுரையில்தான். அவர் எழுதிய ‘வள்ளி திருமணம்’ இன்றைக்கும் திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்துக் கிராமங்களில் திருவிழா நாடகமாக நடக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் பபூன் வந்து ஆரம்பித்து வைப்பார். வேலனும் வள்ளியும் தர்க்கம் பண்ணி முடிக்கும்போது விடிந்துவிடும்.

பிடித்தது 1: ‘காயாத கானகத்தே’ (ஸ்ரீவள்ளி, 1945)

அந்த ‘வள்ளி திருமண’ மேடையிலிருந்து அப்படியே சினிமாவுக்கு வந்த பாட்டு இது. கிட்டப்பா பாடிப் புகழ்பெற்றது. வேடனாக வரும் முருகன், தினைப்புனத்தில் நிற்கும் வள்ளியைப் பார்த்துப் பாடும் இடம்.

இந்தப் பாட்டில் குரல் மேலே போவதற்குக் காரணம் இருக்கிறது. இடம் காடு. பாடுகிறவன் வேடன் வேஷத்தில் வந்த கடவுள். நீண்டு நிற்கும் அந்தக் குரல் ஒரு அழைப்பு மாதிரி, கூவல் மாதிரி வருகிறது. வித்தை காட்டுகிறார் என்ற எண்ணமே வராது.

இதே படத்தில் நடந்த இன்னொரு சம்பவமும் முக்கியம். வள்ளியாக நடித்த ருக்மணி தானே பாடித்தான் நடித்தார். ஆனால் அந்தப் பாடல்கள் மெய்யப்பனுக்குத் திருப்தி தரவில்லை. பி.ஏ.பெரியநாயகியைப் பாட வைத்து அந்தக் குரலை மாற்றிச் சேர்த்தார். படம் பெரிய வெற்றி. அதாவது, மகாலிங்கத்தை நட்சத்திரமாக்கிய படமே, ‘நடிக்கிறவர் பாடணும்னு அவசியமில்லை’ என்பதையும் நிரூபித்துவிட்டது.

நடுவில் ஒரு படம்: ‘நாம் இருவர்’ (1947)

சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு வந்த படம். மகாலிங்கம்தான் நாயகன். ஆனால் அந்தப் படம் என்றதும் உங்களுக்கு எந்தப் பாட்டு ஞாபகம் வருகிறது? ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’தானே? பாரதியார் எழுதியது, டி.கே.பட்டம்மாள் பாடியது, குமாரி கமலா ஆடியது. பாடத் தெரிந்த நாயகன் இருக்கும் படத்திலேயே, நாயகன் பாடாத பாட்டுதான் நின்றுவிட்டது.

பிடிக்காதது 1: சொந்தப் படங்களின் பாட்டுகள்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் மகாலிங்கம் சொந்தமாகப் படம் எடுக்க ஆரம்பித்தார். ‘மச்சரேகை’, ‘மோகனசுந்தரம்’, ‘சின்னதுரை’, ‘விளையாட்டு பொம்மை’ என்று படங்கள் வந்தன. சம்பாதித்த பணம் போனது. கடன் வந்தது.

‘மோகனசுந்தரம்’ (1951) படத்தில் வரும் ‘பாட்டு வேணுமா’ மெட்டு இனிமையானதுதான். டி.ஜி.லிங்கப்பாவின் இசை. மகாலிங்கத்தின் ரசிகர்கள் இதைப் பிடித்த பாட்டு வரிசையில்தான் வைப்பார்கள். ஆனால் என் பட்டியலில் இது கீழேதான். குரலில் ஒரு குறையும் இல்லை. குறை எங்கே என்றால், பாட்டின் பெயரே சொல்லிவிடுகிறதே! நாயகனுக்குப் பாடத் தெரியும், அதனால் ஒரு பாட்டு. கதை அந்தப் பாட்டைக் கேட்கவில்லை.

அதே நேரத்தில் வெளியே என்ன நடந்தது என்று பாருங்க. பி.யு.சின்னப்பா 1951-ல் காலமானார். சிறையிலிருந்து வெளியே வந்த தியாகராஜ பாகவதருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. 1952-ல் ‘பராசக்தி’ வந்தது. ஜனங்க பாட்டைக் கேட்டுத் தலையாட்டிய இடத்தில் வசனத்தைக் கேட்டுக் கை தட்ட ஆரம்பித்தார்கள். பாட்டு வேணுமா என்று இவர் கேட்டபோது, கொட்டகையில் இருந்தவர்கள் வேறு ஒன்றைக் கேட்கத் தயாராகிவிட்டார்கள்.

பிடித்தது 2: ‘செந்தமிழ் தேன்மொழியாள்’ (மாலையிட்ட மங்கை, 1958)

கைவிடப்பட்ட நாயகனை மறுபடி கூட்டிவந்தவர் கண்ணதாசன். தன் சொந்தத் தயாரிப்பான ‘மாலையிட்ட மங்கை’யில் மகாலிங்கத்தையே நாயகனாகப் போட்டார். மனோரமா சினிமாவுக்கு வந்ததும் இந்தப் படத்தில்தான்.

விஸ்வநாதன் – ராமமூர்த்தி என்ன செய்தார்கள் என்று பாட்டைக் கேட்டாலே புரியும். தொடக்கத்தில் தாளமே இல்லாமல் மகாலிங்கத்தின் குரலை மட்டும் திறந்துவிட்டார்கள். மேலே ஏறி, அங்கேயே நின்று, நிதானமாக இறங்குகிறது. அந்த நாடக மேடை ஆசையைத் தீர்த்துவிட்டு, பிறகு தாளத்தோடு எளிய மெட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். அந்த மெட்டை யாரும் முணுமுணுக்கலாம். அந்தத் தொடக்கத்தை மட்டும் அவ்வளவு சுலபமாகப் பாடிவிட முடியாது.

பழைய குரலைப் பழைய குரலாகவே விட்டுவிட்டு, சுற்றியிருப்பதை மட்டும் புதுசாக்கினார்கள். பாட்டு இன்றும் நிற்பதற்கு இதுதான் காரணம். மதுரைப் பக்கம் கல்யாண வீட்டு ரேடியோ செட்டில் பல வருஷம் ஒலித்த பாட்டு இது. மேடைப் பாட்டுப் போட்டிகளில் இன்றும் யாராவது ஒருவர் துணிந்து எடுக்கிறார். உச்ச இடம் வரும்போது கூட்டம் அமைதியாகிவிடும்: எட்டுவாரா, மாட்டாரா?

பிடிக்காதது 2: ‘சொட்டுச் சொட்டுன்னு’ (ஆடவந்த தெய்வம், 1960)

இதைச் சொன்னால் சண்டைக்கு வருவீங்க, தெரியும். பி.சுசீலாவோடு பாடிய ஜாலியான பாட்டு. கே.வி.மகாதேவன் இசை. ரொம்பப் பேருக்குப் பிடித்த பாட்டும்கூட.

ஆனால் கேட்டுப் பாருங்க. சுசீலா மைக்குக்காகவே பழகிய குரல். மெல்லச் சொன்னாலே போதும், சிரிப்பு வந்துவிடும். மகாலிங்கம் கொட்டகைக்காகப் பழகிய குரல். இந்தப் பாட்டில் அவர் அந்தக் குரலைச் சுருக்கிக்கொண்டு பாடுகிறார். கோயில் யானையை வீட்டுத் திண்ணையில் கட்டிவைத்த மாதிரி எனக்குப் படும். யானையைப் பக்கத்தில் பார்க்கலாம், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அது நடக்கிற இடம் அது இல்லையே.

பிடித்தது 3: ‘இசைத்தமிழ் நீ செய்த அருஞ்சாதனை’ (திருவிளையாடல், 1965)

மறுபடி அந்தப் போட்டிக்கே வருவோம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் இது ‘விறகு விற்ற படலம்’. மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் விறகு விற்ற லீலை ஒரு நாள் நடக்கிறது. மதுரைக்காரர்களுக்குப் படம் வருவதற்கு முன்பே தெரிந்த கதை.

இயக்குநர் ஏ.பி.நாகராஜன் நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவர். அவர் அந்தப் படத்தில் ஔவையாராக நடிக்க வைத்தது கே.பி.சுந்தராம்பாளை. கிட்டப்பாவின் மனைவி. அவரும் தன் பாட்டைத் தானே பாடினார். கிட்டப்பாவின் மனைவியும், கிட்டப்பாவின் பாணியைச் சுமந்து வந்தவரும் ஒரே படத்தில், சொந்தக் குரலில் பாடியிருக்கிறார்கள்.

‘இசைத்தமிழ்’ பாட்டில் குரல் மேலே போகும்போது அது வீரமாக இல்லை. கெஞ்சல், கோபம், உரிமை எல்லாம் கலந்திருக்கிறது. உன் ஊரில் உன் பாட்டைப் பாடி வாழ்கிறவனுக்கு இப்படி ஒரு நிலைமையா என்று சாமியிடம் சண்டை போடுகிறார். ஐந்து கட்டைக் குரல் எதற்காக உருவானதோ அதற்கான இடம் இதுதான்: தூரத்தில் இருக்கிறவருக்குக் கேட்க வேண்டும். இங்கே தூரத்தில் இருப்பவர் கடவுள்.

நடிப்பா, நிஜமா என்று பிரிக்க முடியாத பாட்டு இது. படம் எடுத்துக் கடனாகி, வாய்ப்பில்லாமல் இருந்து, ஒரு கவிஞர் தயவால் திரும்பி வந்தவர், அதே கவிஞரின் வரிகளில் முறையிடுகிறார். அந்த முறையீட்டுக்கு இரங்கி வரும் சிவன் பாடுவதோ பின்னணிக் குரலில். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரான டி.எம்.எஸ்.ஸும் மதுரையில் பிறந்தவர்தான். பழைய தலைமுறைப் பாடகரைக் காப்பாற்றியது புதிய தலைமுறைக் குரல். இரண்டும் நம்ம ஊர்க் குரல்கள்.

அப்போ என்னதான் வித்தியாசம்?

பிடித்த மூன்றையும் பிடிக்காதவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். மகாலிங்கத்தின் குரல் எல்லாப் பாட்டிலும் அதே குரல்தான். அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை, மாற்றிக்கொள்ளவும் முடியவில்லை. அந்த உச்சத்துக்கு ஒரு தேவையைக் கதை உண்டாக்கிய இடத்தில் பாட்டு நின்றது. காட்டில் அழைக்க, காதலியைக் கொண்டாட, கடவுளிடம் முறையிட. தேவை இல்லாத இடத்தில் நல்ல குரலும் வீணாகப் போனது.

பிறகு ‘அகத்தியர்’ (1972) படத்தில் நாரதராக வந்தார். அங்கே அகத்தியராக நடித்ததும் பாடி நடிக்கத் தெரிந்த சீர்காழி கோவிந்தராஜன்தான். 1978-ல் மகாலிங்கம் காலமானார்.

அவர் பாட்டைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. செல்போனில், காதுக்குள் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்காதீங்க. அந்தக் குரல் அதற்குப் பண்ணினது இல்லை. திருவிழா சமயத்தில் நம்ம பக்கம் ஏதாவது ஒரு கிராமத்தில் ‘வள்ளி திருமணம்’ நடக்கும்போது போங்க. மேடைக்கு முன்னாடி உட்காராமல், கூட்டத்துக்குக் கடைசியில், டீக்கடை வெளிச்சம் தாண்டி இருட்டில் நில்லுங்க. வேலன் வேஷக்காரர் ‘காயாத கானகத்தே’ எடுக்கும்போது அது உங்கள் வரைக்கும் வந்து சேருகிறதா என்று பாருங்க. சேர்ந்தால், மகாலிங்கம் ஏன் அவ்வளவு மேலே போய்ப் பாடினார் என்று தனியாக யாரும் விளக்க வேண்டியதில்லை.