தொலைந்த தட்டும் தொலையாத உரிமையும்

வீட்டில் ஒரு சாமான் காணாமற்போன செய்தி, அது அவசியமாக வேண்டியிருக்கும் நாளில்தான் வெளியாகும். பீரோச் சாவிக்கும் அப்படி, ஜாதகக் குறிப்புக்கும் அப்படி. கம்ப்யூட்டர் வாங்கியபோது கடைக்காரர் உடன் கொடுத்த மூலத் தட்டுக்கும் அப்படியே. யந்திரம் ஒரு நாள் காலையில் கறுத்த திரையுடன் நின்றுவிடுகிறது. பழுது பார்ப்பவர் வந்து, "விண்டோஸ் தட்டு எங்கே, ஸார்?" என்கிறார். அலமாரி, பரண், பழைய டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் குடைந்து பார்த்தால், அகப்படுவது யாருடைய கலியாணத்திலோ எடுத்த வீடியோவாக இருக்கிறது. "அப்படியானால் புதிதாக விலை கொடுத்து வாங்க வேண்டியதுதான்" என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார், அல்லது குரலைத் தாழ்த்தி, "என்னிடம் ஒன்று இருக்கிறது, போட்டுவிடட்டுமா?" என்கிறார். முதல் யோசனை பெரும்பாலும் அநாவசியச் செலவு. இரண்டாவது யோசனை அதைவிடப் பொல்லாதது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்ளவேண்டும். நாம் விலை கொடுத்து வாங்கியது அந்தத் தட்டை அன்று. அதிலுள்ள இயக்க முறைமையை உபயோகிக்கும் உரிமையையே வாங்கினோம். ரயில்வே கால அட்டவணைப் புஸ்தகம் தொலைந்துபோனால் கையிலிருக்கும் டிக்கெட் செல்லாமற் போய்விடுமா? டிக்கெட்டுக்குச் சமமானது எதுவென்றால், ஐந்து ஐந்து எழுத்தாக ஐந்து வரிசையில் அமைந்த இருபத்தைந்து எழுத்துச் சாவிக் குறிப்பு. 2001-ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி முதல் 2009-ல் வந்த விண்டோஸ் 7 வரையில், இக்குறிப்பை ஒரு சிறு சீட்டில் அச்சிட்டு யந்திரத்தின் மேலேயே ஒட்டிக் கொடுத்தார்கள். மேஜைக் கம்ப்யூட்டரானால் பக்கவாட்டில் இருக்கும். லாப்டாப்பானால் அடிப்பாகத்திலோ, பாட்டரியைக் கழற்றினால் அதன் அடியிலோ காணலாம். கை பட்டுப் பட்டு இவ்வெழுத்துக்கள் தேய்ந்துபோவது வழக்கம். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, பெரிய கம்பெனிகள் செய்யும் யந்திரங்களில் சாவிக் குறிப்பை உள்ளிருக்கும் பலகையிலேயே பதித்துவிடுகிறார்கள். புதுப் பிரதியை ஏற்றும்போது அது தானே அதைப் படித்துக்கொள்ளும். விண்டோஸ் 10-ம் 11-ம் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒருமுறை பதிவான யந்திரத்தின் அடையாளத்தைக் கம்பெனியின் ஏட்டிலேயே குறித்து வைத்துக்கொள்கின்றன. ஆகவே பலருடைய வீட்டில் தொலைந்திருப்பது ஒரு வெறும் தட்டு மட்டுமே.

வெறும் தட்டுக்கு என்ன விலை? இக்கேள்வி அமெரிக்காவில் ஒரு மனிதரைச் சிறைக்கே அனுப்பிவைத்தது. எரிக் லண்ட்கிரென் என்பவர் கலிபோர்னியாவில் பழைய மின் சாதனங்களைப் பிரித்து மறுபடியும் உபயோகத்துக்குக் கொண்டுவரும் தொழில் செய்தவர். கழித்துப் போட்ட உதிரிகளைக் கொண்டே மின்சார மோட்டார் வண்டி ஒன்றை அமைத்து ஓட்டிக் காட்டியவர். பழைய கம்ப்யூட்டர்களை வாங்குவோர், கூடவே தட்டு இல்லாத காரணத்தால் பழுது நீக்க வழியின்றி அவற்றைக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள் என்பதை அவர் கண்டார். டெல் கம்பெனியார் தங்கள் யந்திரத்துடன் இலவசமாகக் கொடுத்த மீட்புத் தட்டைப்போலவே இருபத்தெண்ணாயிரம் தட்டுக்களைச் சீனாவில் அச்சிடுவித்தார். சாவிக் குறிப்பு ஒன்றையும் அவர் விற்கவில்லை. ஆனால் தட்டின் மேல் டெல், மைக்ரோஸாப்ட் இரு கம்பெனிகளின் முத்திரைகளும் அசல்போலவே இருந்தன. அதுதான் வினையாயிற்று.

வழக்குப் புளோரிடாவில் நடந்தது. லண்ட்கிரென் குற்றத்தை ஒப்புக்கொண்டார். விவகாரமெல்லாம் தட்டுக்களின் மதிப்பைப் பற்றியே எழுந்தது. ஏனெனில் தண்டனையின் அளவு அதைப் பொறுத்திருந்தது. சாவிக் குறிப்பு இல்லாத தட்டு ஏறக்குறையக் காசு பெறாது, இதிலுள்ளதை எவரும் இலவசமாகவே பெற்றுக்கொள்ளலாம் என்று அவர் தரப்பு நிபுணர் சாட்சி சொன்னார். ஸர்க்கார் தரப்பாரோ, பழைய யந்திரங்களைச் செப்பனிட்டு விற்போருக்கு மைக்ரோஸாப்ட் கம்பெனி உரிமையுடன் சேர்த்து விற்ற தட்டின் விலையாகிய இருபத்தைந்து டாலரை அளவுகோலாகக் கொண்டார்கள். இருபத்தெண்ணாயிரத்தை இருபத்தைந்தால் பெருக்கினால் ஏழு லட்சம் டாலர். நீதிபதி இக்கணக்கையே ஏற்று, 2017-ல் பதினைந்து மாதச் சிறையும் ஐம்பதாயிரம் டாலர் அபராதமும் விதித்தார். 2018 ஏப்ரலில் அப்பீல் கோர்ட்டும் இத்தீர்ப்பை உறுதி செய்தது. பிறருடைய முத்திரையைத் தம் சரக்கில் பொறித்தது தவறு என்பதில் ஆட்சேபம் இல்லை. வாங்குவோர் ஏமாறுவார்கள் என்று கம்பெனி கூறியதிலும் நியாயம் உண்டு. ஆனால் உரிமையோடு கூடிய தட்டின் விலையை உரிமையற்ற தட்டின் தலையில் ஏற்றிய கணக்கு மட்டும் என் மனத்துக்குச் சம்மதமாகவில்லை. டிக்கெட் விலையைக் கால அட்டவணைக்குப் போட்ட கதைதானே இது?

நம் வீட்டுக் காரியத்துக்குத் திரும்புவோம். யந்திரம் நின்றதும் தட்டைத் தேடுவதற்கு முன் நினைக்கவேண்டியது, உள்ளிருக்கும் புகைப்படங்களையும் கடிதங்களையும் பற்றி. பெரும்பாலான யந்திரங்களில், செய்த கம்பெனியாரே தகட்டின் ஒரு மூலையில் மீட்புப் பகுதி என்று ஒன்றை ஒதுக்கி, முழுப் பிரதியை அங்கே மறைத்து வைத்திருப்பார்கள். யந்திரம் கண் விழிக்கும் சமயத்தில் குறிப்பிட்ட ஒரு பொத்தானை அழுத்தினால் அது வெளிப்படும். எந்தப் பொத்தான் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். இது மிகவும் சௌகரியமான ஏற்பாடுதான். ஆயினும், கடையிலிருந்து வந்த நாளில் இருந்த நிலைக்கே யந்திரத்தைக் கொண்டுபோய்விடும் வழி இதில் உண்டு. அவ்வழியில் சென்றால் குழந்தையின் முதல் ஆண்டு நிறைவுப் படங்களும் போய்விடும். அப்புறம் வருந்திப் பயனில்லை. ஆகவே லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவைச் செருகி, தகட்டில் ஒன்றும் எழுதாமல் அதன் மூலமாகவே யந்திரத்தை எழுப்பி, வேண்டியவற்றை வேறிடத்தில் பிரதி செய்துகொள்வது முதல் வேலை. தகடு பூட்டு முறையில் காக்கப்பட்டிருந்தால், அதன் மீட்புக் குறிப்பும் கையில் வேண்டும்.

பிறகு புதுப் பிரதி. மைக்ரோஸாப்ட் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே, வேறொரு யந்திரத்தின் உதவியால், காசில்லாமல் இதை இறக்கிக்கொள்ளலாம். குறைந்தது எட்டு ஜி.பி. கொள்ளளவுள்ள பென் டிரைவ் ஒன்று போதும். பழைய யந்திரத்தில் இருந்தது ஹோம் வகையா, புரோ வகையா என்று அறிந்து அதே வகையை ஏற்றவேண்டும். இல்லாவிடில் சாவி பூட்டுக்குப் பொருந்தாது. அயலாரிடம் இரவல் வாங்கிய எக்ஸ்பி தட்டு அநேகருக்குக் கை கொடுக்காமற் போனதற்கும் இதுவே காரணம்: கடையில் தனியாக விற்ற தட்டு, யந்திரத்துடன் வந்த சாவியை ஏற்காது. எக்ஸ்பிக்குக் கம்பெனியின் பராமரிப்பு 2014-லும், விண்டோஸ் 7-க்கு 2020-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டது. எக்ஸ்பியையும் 7-ஐயும் இணையத்துடன் இணைப்பது தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் குடியிருப்பதுபோல் ஆகும்.

நடைபாதையில் விற்கும் தட்டையும், பழுது பார்ப்பவர் பையிலிருந்து எடுக்கும் தட்டையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாவி இல்லாமலே பூட்டைத் திறக்கும் தந்திரம் ஒன்று அதனுள் இருக்கும்; அத்துடன் வேறு யார் யார் உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்பது பாங்குக் கணக்கு காலியாகும்வரை தெரியாது.

பழைய காலத்தவர் பட்ட பாட்டை நினைத்தால் நம் கஷ்டம் ஒன்றுமில்லை என்றே தோன்றும். 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது, சிறு பிளாப்பித் தட்டுக்களாக வாங்கினால் பதின்மூன்று தட்டுக்கள். ஒன்று பூசணம் பிடித்தாலும் மற்றப் பன்னிரண்டும் வீண். ஆப்பிள் கம்பெனியார் 2011-ல் ‘லயன்’ என்ற பதிப்பை வெளியிட்டபோது தட்டு விற்கும் வழக்கத்தையே கைவிடத் தொடங்கினர். யந்திரமே இணையத்தின் மூலம் தன் பிரதியை வரவழைத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தார்கள்.

இவ்வளவு சங்கடமும், ஒரு பொருளைப் பிரதி செய்யப் பிறர் அனுமதி வேண்டியிருப்பதால் அல்லவா விளைகிறது? அனுமதியே வேண்டாத முறை ஒன்றும் உலகில் உண்டு. பிரதி செய்வதும், திருத்துவதும், அயலாருக்கு வழங்குவதும் பயன்படுத்துவோர் உரிமை என்ற கொள்கையுடன் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ல் ஒரு திட்டத்தை அறிவித்தார். 1991-ல் ஹெல்ஸிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டார். இவ்வுலகில் தட்டுத் தொலைந்தால் அண்டை வீட்டாரிடம் உறைமோர் வாங்குவதுபோல் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளலாம். சட்டம் குறுக்கே வராது. ‘உபுண்டு’ ஸ்தாபனத்தார் 2011 வரையில், கேட்டவர்க்கெல்லாம் தபால் மூலம் இலவசமாகத் தட்டு அனுப்பியே வந்தார்கள். நம் சென்னையிலுள்ள ஸி-டாக் நிலையத்தார், டெபியன் என்ற லினக்ஸ் வகையை ஆதாரமாகக் கொண்டு, தமிழ் முதலிய பாரத பாஷைகளில் இயங்கும் ‘பாஸ்’ என்ற முறைமையை அமைத்திருக்கிறார்கள். கேரளத்து ஸர்க்கார் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே பயில்கிறார்கள். ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

இன்னமும் பழைய தட்டு கைவசம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸிடியின் பளபளப்பான அடிப்பக்கத்தைவிட எழுத்துள்ள மேற்பக்கத்தில்தான் கீறல் ஆபத்து. செய்தி தாங்கும் படலம் அம்மேற்பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. வீட்டில் பதிவு செய்துகொண்ட தட்டானால் வெயிலும் வெப்பமும் சாயத்தை மெல்ல அழித்துவிடும். அதற்குள் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து, சாவிக் குறிப்பை இருபத்தைந்து எழுத்தும் பிழையில்லாமல் ஒரு நோட்டில் எழுதி, யந்திரம் வாங்கிய ரசீதுடன் சேர்த்து வைக்கலாம். பென் டிரைவின்மேல் இன்னதென்று சீட்டு ஒட்டுவதும் அவசியம். இல்லாவிடில் வீட்டுப் பையன் அடுத்த வாரமே அதைத் துடைத்துச் சினிமாப் பாட்டுக்களால் நிரப்பிவிடுவான்.